மேல்வரிசை மட்டும் ஏன் சாகிறது?

20-க்கு 20 கிரிட் ஒன்றில் கான்வேயின் கேம் ஆஃப் லைஃப் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கட்டமும் உயிரோடோ செத்தோ இருக்கும்; சுற்றியுள்ள எட்டு அண்டையரில் 2 அல்லது 3 பேர் உயிரோடு இருந்தால் உயிருள்ள கட்டம் பிழைக்கும், சரியாக 3 பேர் இருந்தால் செத்த கட்டம் உயிர் பெறும். நடுவில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. மேல்வரிசையிலும் இடது நெடுவரிசையிலும் மட்டும் எதை வைத்தாலும் அடுத்த தலைமுறையிலேயே செத்துப்போகிறது. எரர் இல்லை, வார்னிங் இல்லை, புரோகிராம் நிற்கவும் இல்லை. எழுதியவரைக் கேட்டால், “ஓரத்தைச் சுற்றி வரும்படிதானே எழுதினேன், மைனஸ் ஒன்று போட்டால் பைத்தான் கடைசிக்குப் போய்விடுமே” என்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வலது ஓரத்தைத் தாண்டினால் இடது ஓரம், கீழே இறங்கினால் மேலே வரவேண்டும் என்ற பலகையை எழுதும்போது பெரும்பாலானவர்கள் ஓரத்தைத் தனி வழக்காக எடுத்துக்கொள்கிறார்கள். மூலைகள் நான்கு, பக்கங்கள் நான்கு, உள்பகுதி ஒன்று என்று ஒன்பது இஃப் கிளைகள் முளைக்கின்றன. இன்னொரு கூட்டம், மொழியே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறது. முதல் கூட்டத்தின் கோடு (எழுதிய நிரல்) அசிங்கமாக இருந்தாலும் பிழை கண்ணில் படும். இரண்டாவது கூட்டத்தின் கோடு அழகாக இருக்கும், பிழை ஒளிந்துகொள்ளும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் ஆபத்து. ஓரத்தில் என்ன நடக்க வேண்டும் என்பது எழுதுகிறவர் எடுக்க வேண்டிய முடிவு. அதை மொழியின் கையில் கொடுத்தால் அது பாதி முடிவை மட்டும் எடுத்துவிட்டு மீதியைச் சொல்லாமல் விட்டுவிடும்.

இடது ஓரத்துக்கு உண்டு, வலது ஓரத்துக்கு இல்லை

பைத்தானில் 20 கட்டம் உள்ள வரிசையில் −1 என்று கேட்டால் 19-ஆவது இன்டெக்ஸில் (இட எண்ணில்) இருப்பது வரும். 20 என்று கேட்டால் இன்டெக்ஸ் எரர் வரும். ஒரே பலகை; இடது பக்கம் சுற்றி வருகிறது, வலது பக்கம் சுவரில் முட்டுகிறது. இதுவரை பரவாயில்லை, எரர் வந்ததே என்று ஒரு மாட் (வகுத்து மீதி எடுப்பது) போட்டுச் சரிசெய்துவிடலாம். வினை வருவது ஸ்லைஸில், அதாவது தொடக்கமும் முடிவும் சொல்லி ஒரு துண்டை வெட்டி எடுப்பதில். முடிவாகச் சொன்ன எண் அந்தத் துண்டில் சேராது.

ஒரு கட்டத்தைச் சுற்றியுள்ள 3-க்கு 3 சதுரத்தை எடுக்க, வரிசை எண் ‘வ’ என்றால் ‘வ−1’ முதல் ‘வ+2’ வரை ஸ்லைஸ் எடுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. நடுக்கட்டத்துக்கு அது மிகச்சரி. ‘வ’ சுழியமாக இருக்கும்போது அந்த ஸ்லைஸ் −1 முதல் 2 வரை என்றாகிறது. பைத்தான் −1-ஐ 19 என்று மாற்றிக்கொள்கிறது. 19-இல் தொடங்கி 2-க்கு முன் முடிய வேண்டும். தொடக்கம் முடிவைத் தாண்டிவிட்டது. ஆகவே வெற்று அர்ரே (எண்களின் அடுக்கு). வெற்று அர்ரேயின் கூட்டுத்தொகை 0. அண்டையர் எண்ணிக்கையில் நடுக்கட்டத்தைக் கழிக்க வேண்டுமே என்று அதிலிருந்து ஒன்றைக் கழித்தால், உயிருள்ள கட்டத்துக்கு −1 அண்டையர். எண்ணிக்கை எதிர்மறையாக வந்தது யார் கண்ணிலும் படாது, ஏனென்றால் விதி கேட்பது 2-ஆ 3-ஆ என்பதை மட்டும். இரண்டும் இல்லை என்றால் சாவு. மேல்வரிசை செத்துக் கிடப்பது இதனால்தான்.

கீழ் ஓரத்தில் நடப்பது வேறு. ‘வ’ 19 ஆகும்போது 18 முதல் 21 வரை கேட்கிறோம். ஸ்லைஸுக்கு எல்லை தாண்டினால் கோபம் வராது. இருப்பதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். மூன்று வரிசைக்குப் பதில் இரண்டு வரிசை வருகிறது. அங்கே செத்த சுவர் ஒன்று நிற்பதுபோல ஆட்டம் நடக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 400 கட்டத்தில் உள்ளே இருக்கும் 18-க்கு 18, அதாவது 324 கட்டங்கள் சரி. மேல்வரிசையும் இடது நெடுவரிசையும் சேர்ந்து 39 கட்டங்களுக்கு அண்டையரே இல்லை. கீழும் வலதுமாக மிஞ்சிய 37 கட்டங்களுக்கு அண்டையரில் ஒரு பகுதி மட்டும். ஒரே கோடு, ஒரே பலகை, மூன்று விதமான உலகம்.

இது ஏன் பல நாள் தெரியாமல் இருக்கிறது என்றால், சோதித்துப் பார்க்க எல்லோரும் வைப்பது கிளைடரை. ஐந்து கட்டம் கொண்ட அந்த உருவம் நான்கு தலைமுறைக்கு ஒரு கட்டம் குறுக்காக நகரும். அதை 1 முதல் 3 வரையிலான வரிசைகளிலும் நெடுவரிசைகளிலும் தென்கிழக்குப் பார்த்து வைத்தால், 64-ஆம் தலைமுறையில் 17 முதல் 19 வரை வந்து நிற்கும். அதுவரை எந்தப் பிசகும் இல்லை. 50 தலைமுறை ஓடவிட்டு, நன்றாக ஓடுகிறது என்று எழுந்து போகிறவர்களுக்கு ஓரம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

மீதி என்பது எல்லா ஊரிலும் ஒன்றல்ல

சரி, மாட் போட்டுவிட்டால் தீர்ந்ததா என்றால், எந்த மொழி என்பதைப் பொறுத்தது. நம் பஞ்சாங்கத்தின் அறுபது ஆண்டுச் சுற்றை எடுத்துக்கொள்வோம். பிரபவ 1987 சித்திரையில் பிறந்தது. அதைச் சுழியம் என்று வைத்தால் 2025-இல் தொடங்கியது 38-ஆவது இடம், விசுவாவசு. முன்னோக்கிப் போகும்வரை எல்லா மொழியும் ஒத்துப்போகும். பின்னோக்கி 1970-க்குப் போனால் 1987-இலிருந்து −17. பைத்தான் −17-ஐ 60-ஆல் வகுத்து மீதி 43 என்கிறது. 43-ஆவது இடம் சாதாரண ஆண்டு, பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போகிறது. மார்ட்டின் கார்ட்னர் கான்வேயின் ஆட்டத்தை சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய 1970 அக்டோபர் அந்தச் சாதாரண ஆண்டில்தான் வருகிறது. இதே கணக்கை சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் போட்டால் மீதி −17. அந்த மொழிகளில் வகுத்தல் சுழியத்தை நோக்கி வெட்டப்படுகிறது, பைத்தானில் கீழ்நோக்கி. சி மொழியில் −17-ஐ அர்ரேக்கு இன்டெக்ஸாகக் கொடுத்தால், அர்ரேக்கு முன்னால் நினைவகத்தில் என்ன கிடக்கிறதோ அதைப் படிக்கப் போகும். அதற்கு மருந்து, மீதி எடுத்து, 60 கூட்டி, மறுபடி மீதி எடுப்பது. ஜாவாவில் 8-ஆம் பதிப்பிலிருந்து ‘ஃப்ளோர்மாட்’ இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம்.

இதைவிட நயவஞ்சகமானது அன்சைன்டு எண், அதாவது மைனஸே இல்லாத எண். சி++ எழுதுகிறவர்கள் பலகையின் அகலத்தை வெக்டரின் ‘சைஸ்’ மூலம் எடுப்பார்கள், அது அன்சைன்டு. −1-ஐ அதனோடு சேர்த்து மீதி எடுத்தால் −1 முதலில் மிகப்பெரிய நேர் எண்ணாக மாறிவிடும். 32 பிட்டில் அது 4294967295. அதை 64-ஆல் வகுத்தால் மீதி 63, சரியான விடை. 20-ஆல் வகுத்தால் மீதி 15. வரவேண்டியது 19. பலகை 64-க்கு 64 ஆக இருக்கும்வரை எல்லாம் ஓடும். யாரோ ஒருவர் 20-க்கு 20 என்று மாற்றியதும் இடது ஓரக் கட்டத்துக்கு 15-ஆவது நெடுவரிசை அண்டையாகிவிடும். 2-இன் அடுக்குகளுக்கு மட்டும் சரியாக வருகிற இந்தக் கோட்டை, 16, 32, 64 என்று வட்ட எண்களில் மட்டும் சோதிக்கிறவர்கள் பிடிக்கவே முடியாது. சோதனைப் பலகைக்கு எப்போதும் 17, 20, 23 என்று கோணல் எண்ணாக வையுங்கள். நீளமும் அகலமும் வேறுவேறாக இருப்பது இன்னும் நல்லது; வரிசையும் நெடுவரிசையும் இடம் மாறியிருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பல்லாங்குழியில் கை எங்கே திரும்புகிறது

தர்மபுரிப் பக்கம் புளிக்குப் பஞ்சமில்லை. புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி ஆடாத திண்ணையும் பழைய வீடுகளில் இருக்காது. பலகையில் இரண்டு வரிசை, வரிசைக்கு 7 குழி, மொத்தம் 14. குழிக்கு ஐந்தாகப் போட்டால் 70 கொட்டை. ஆயா ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகும்போது, வலது கோடிக் குழிக்கு வந்ததும் கை நிற்பதில்லை. நேர் எதிரே இருக்கும் குழிக்கு ஏறி, அங்கிருந்து இடப்பக்கமாகத் திரும்பி வருகிறது. மரம் முடிகிறது, ஆட்டத்தின் வரிசை முடிவதில்லை.

இதை அர்ரேயாக எழுதிப் பாருங்கள். 2-க்கு 7 அர்ரே. நம் பக்கத்து வரிசை 0 முதல் 6, எதிர் வரிசை இடமிருந்து வலமாக 7 முதல் 13. நினைவகத்தில் 6-க்கு அடுத்தது 7. ஆனால் 7 இருப்பது எதிர் வரிசையின் இடது கோடியில். நினைவக வரிசையில் விதைத்துக்கொண்டே போனால், வலது கோடிக்கு வந்த கை பலகையைத் தாண்டி இடது மூலைக்குப் பாயும். எந்த ஆயாவும் கையைத் தட்டிவிடுவார். ஆட்டத்தின் வரிசை 0, 1, 2, 3, 4, 5, 6, பிறகு 13, 12, 11, 10, 9, 8, 7. எதிர் வரிசையைத் திருப்பிவைத்து ஒரே வளையமாக்கிக்கொண்டால் அதன்பின் எல்லாமே 14-இன் மீதிதான். 16 கொட்டை அள்ளினால் எல்லாக் குழிக்கும் ஒன்று, அடுத்த இரண்டு குழிக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. லூப் கூடத் தேவையில்லை.

இந்தத் தாவல்தான் பைத்தானின் எண்கணக்கு நூலகமான நம்பையின் ‘ரோல்’ ஃபங்ஷனிலும் காத்திருக்கிறது. ‘ரோல்’ அர்ரேயைச் சுழற்றும். வெளியே போனது மறுபக்கம் உள்ளே வரும். ஆனால் ஆக்சிஸ் (எந்தத் திசையில் சுழற்றுவது என்பது) சொல்லாமல் விட்டால், இருபரிமாண அர்ரேயை ஒரே நீளக் கயிறாக்கி, கயிற்றைச் சுழற்றி, மறுபடி பழைய வடிவத்துக்கு மடிக்கும். ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கட்டமும் அடுத்த வரிசையின் முதல் கட்டமாகிவிடும். வடிவம் மாறாது, எரர் வராது. வலது ஓரத்தைத் தாண்டுகிற கிளைடர் ஒரு வரிசை கீழே இறங்கி உள்ளே வரும். இயற்பியல் உருவகப்படுத்தல்களில் இப்படித் திருகிய ஓரத்தைத் தெரிந்தே பயன்படுத்துகிறவர்கள் உண்டு, ஒரே இன்டெக்ஸ் போதும் என்பதால். தெரியாமல் பயன்படுத்தினால் அது பிழை.

பலகையையே நகர்த்து

ஒவ்வொரு கட்டமாகப் போய் அண்டையரைத் தேடுவதைக் கைவிட்டு, பலகை முழுவதையும் ஒரு கட்டம் நகர்த்திப் பலகையோடு பலகையைக் கூட்டினால் ஓரம் என்ற பேச்சே எழாது. கென்னத் ஐவர்சன் 1962-இல் நூலாக வெளியிட்ட குறியீட்டு முறையிலிருந்து வளர்ந்த ஏபிஎல் மொழியில் இதற்கு ஒற்றைக் குறிகள் இருக்கின்றன. வட்டத்தின் நடுவே செங்குத்துக் கோடு போட்டால் பக்கவாட்டில் சுழற்று. படுக்கைக் கோடு போட்டால் மேல்கீழாகச் சுழற்று. அந்த மொழியில் சுழற்று என்றாலே சுற்றி வருவதுதான்; வெட்டி எறிய வேண்டுமானால் வேறு குறி. கேம் ஆஃப் லைஃப் முழுவதையும் ஏபிஎல்லில் ஒரே வரியில் எழுத முடிவதற்குக் காரணம் ஓரத்துக்கென்று அங்கே ஒரு எழுத்துக்கூடத் தேவைப்படாததே.

நம்பையில் எட்டு திசைக்கு எட்டு ‘ரோல்’ போடுகிறவர்களே அதிகம். நான்கு போதும்.

நெடுக்கு = அ + ரோல்(அ, 1, ஆக்சிஸ் 0) + ரோல்(அ, −1, ஆக்சிஸ் 0)
மொத்தம் = நெடுக்கு + ரோல்(நெடுக்கு, 1, ஆக்சிஸ் 1) + ரோல்(நெடுக்கு, −1, ஆக்சிஸ் 1)

முதல் வரி மேல், தான், கீழ் மூன்றையும் கூட்டுகிறது. இரண்டாவது வரி அப்படிக் கூட்டிய மூன்று நெடுவரிசைகளைக் கூட்டுகிறது. மூலைகள் தாமாகவே வந்துவிடும். மொத்தத்தில் நடுக்கட்டமும் சேர்ந்திருக்கிறது, கழிக்க வேண்டியதில்லை, விதியை மாற்றிப் படித்தால் போதும்: மொத்தம் 3 என்றால் உயிர், மொத்தம் 4 ஆக இருந்து, கட்டம் ஏற்கெனவே உயிரோடு இருந்தால் உயிர், மற்றதெல்லாம் சாவு. ‘ரோல்’ ஒவ்வொன்றும் ஒரு புதிய பிரதி என்பதால் எட்டு நான்காகக் குறைவது வெறும் அழகுக்காக இல்லை. 1000-க்கு 1000 பலகை 8 பிட் எண்ணாக இருந்தால் பிரதி ஒன்றுக்கு 10 லட்சம் பைட். யோசிக்காமல் 64 பிட்டில் விட்டால் 80 லட்சம்.

டைப் விஷயத்தில் ஒரு குழி இருக்கிறது, கவனமாகத் தாண்டுங்கள். உயிர், சாவு என்று இரண்டே நிலை என்பதால் பலகையை பூலியனாக (மெய், பொய் என்ற இரண்டே மதிப்பாக) வைக்கத் தோன்றும். நம்பையில் இரண்டு பூலியன் அர்ரேக்களைக் கூட்டல் குறியால் கூட்டினால் கிடைப்பது எண்ணிக்கை இல்லை, ‘அல்லது’. மெய்யும் மெய்யும் கூடினால் மெய்தான். எட்டு அண்டையர் இருந்தாலும் விடை ஒன்றைத் தாண்டாது, பலகை முழுவதும் முதல் தலைமுறையிலேயே அழிந்துவிடும். கூட்டுமுன் 8 பிட் முழு எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தம் 9-ஐத் தாண்டாது, இடம் தாராளம்.

திசையிலும் ஒரு வார்த்தை. ‘ரோல்’ 1 என்றால் உள்ளடக்கம் கீழே நகர்கிறது; ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் அது கொடுப்பது மேலே இருந்த அண்டை. கேம் ஆஃப் லைஃபில் எட்டு திசையும் சமம் என்பதால் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டாலும் விடை சரியாகவே வரும். அதே புரிதலோடு காற்று புகையைக் கிழக்கே தள்ளும் கணக்கை எழுதப் போனால் புகை மேற்கே போகும்.

வரப்பு கட்டும் முறை

பலகை பெரிதாகிவிட்டாலோ, சி-யிலோ, பைத்தான் கோட்டை வேகமாக ஓட்டும் நும்பாவிலோ லூப்பாக எழுதினாலோ, ‘ரோல்’ கொடுக்கும் பிரதிகள் பாரமாகிவிடும். அப்போது பழைய வழி: 20-க்கு 20 பலகையைச் சுற்றி ஒரு கட்ட அகலத்துக்கு வரப்பு கட்டி 22-க்கு 22 ஆக்கிக்கொள்வது. கேழ்வரகுக் கொல்லையில் வரப்பில் விதைக்க மாட்டோம். அதுபோல இந்த வரப்புக்கும் சொந்த வாழ்வு கிடையாது. எதிர்ப்பக்கத்து ஓரத்தின் நகல் மட்டும் அங்கே இருக்கும். லூப் 1 முதல் 20 வரை ஓடும், உள்ளே ஒரு இஃப்பும் இல்லை, ஒரு மாட்டும் இல்லை.

நகலெடுக்கும் வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் வரிசைகள்: 20-ஆவது வரிசையை 0-க்கும், 1-ஆவது வரிசையை 21-க்கும். அதன்பின் நெடுவரிசைகள், மேல்வரப்பையும் கீழ்வரப்பையும் சேர்த்து முழு 22 கட்ட உயரத்துக்கும். அப்படி எடுத்தால் நான்கு மூலைகளும் சரியான மதிப்போடு நிரம்பிவிடும். நெடுவரிசையை 1 முதல் 20 வரை மட்டும் நகலெடுத்தால் மூலைகளில் 0 தங்கிவிடும். 400 கட்டத்தில் நான்கே நான்குக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அண்டை குறையும். இவ்வளவு சின்னப் பிழையை ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே கண்டுபிடிக்க முடியாது. நம்பையின் ‘பேட்’ ஃபங்ஷனில் ‘ராப்’ முறை மூலையைத் தானே பார்த்துக்கொள்ளும். எதில் செய்தாலும் ஒவ்வொரு தலைமுறைக்கும் வரப்பைப் புதிதாகக் கட்ட வேண்டும். முதல் தலைமுறையில் மட்டும் கட்டிவிட்டு மறந்தால் ஓரத்தில் பழைய உலகத்தின் நிழல் உறைந்து நிற்கும்.

கண்ணால் பார்க்காமல் சோதிப்பது

வெற்றுப் பலகையில் 0, 0 மூலையில் ஒரே ஒரு கட்டத்துக்கு உயிர் கொடுத்து, எல்லாக் கட்டத்தின் அண்டையர் எண்ணிக்கையையும் கூட்டுங்கள். 8 வரவேண்டும். 7 வந்தால் வரப்பின் மூலை நிரம்பவில்லை. 3 வந்தால் நாற்புறமும் சுவர். மேலே சொன்ன ஸ்லைஸ் பிழை இருந்தால், 1, 1 கட்டத்துக்கு ஒன்றும் மூலைக்கு −1-உம் சேர்ந்து 0 வரும். விடையே வியாதியைச் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, கிளைடரை 20-க்கு 20 பலகையில் 80 தலைமுறை ஓடவிட்டுத் தொடக்கத்தோடு ஒப்பிடுவது. கட்டத்துக்குக் கட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு வரிசை தள்ளி வந்தால் ‘ரோல்’-இல் ஆக்சிஸ் விட்டுப்போயிருக்கிறது.

மூன்றாவதுதான் மிகப் பலமான சோதனை. கண்டபடி நிரப்பிய பலகையை 7 வரிசை, 3 நெடுவரிசை நகர்த்தி ஒரு தலைமுறை ஓட்டுங்கள். அதே பலகையை நகர்த்தாமல் ஒரு தலைமுறை ஓட்டிவிட்டுப் பிறகு நகர்த்துங்கள். இரண்டும் ஒன்றாக வரவேண்டும். சுற்றி வரும் பலகையில் எந்த இடத்துக்கும் தனி மரியாதை இல்லை என்பதுதான் அதன் இலக்கணம். இந்தச் சோதனை அதை அப்படியே கேட்கிறது. மூலைப் பிழை ஒரு பலகையில் தப்பிவிடலாம், ஆகவே நூறு பலகையாவது ஓட்டுங்கள். விதியே தவறாக இருந்தால் இது பிடிக்காது, அதற்குத்தான் கிளைடர்.

பலகையின் ஒரு பக்கம் 2 கட்டம்தான் என்றால் மேலண்டையும் கீழண்டையும் ஒரே கட்டம். ‘ரோல்’ அதை இருமுறை எண்ணும். 1 கட்டம் என்றால் தனக்குத் தானே அண்டை. 3-க்குக் குறைந்த பலகையை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்திவிடுவது நல்லது.

சுற்றக் கூடாத ஓரம்

‘ரோல்’ பழகியவர்கள் பிறகு எல்லா ஓரத்தையும் சுற்றிவிடுகிறார்கள். உலக வானிலைத் தரவு கால் டிகிரி இடைவெளியில் 1440 நெடுவரிசை, 721 வரிசையாக வரும். தீர்க்கரேகை சுற்றி வரும், 359.75-க்கு அடுத்தது 0. அட்சரேகை சுற்றாது. இரண்டு ஆக்சிஸிலும் ‘ரோல்’ போட்டால் வடதுருவத்துக்குத் தென்துருவம் பக்கத்து வீடாகிவிடும். தர்மபுரி இந்தக் கட்டத்தில் 313-ஆவது நெடுவரிசையை ஒட்டி, வடதுருவத்திலிருந்து எண்ணினால் 311, 312-ஆவது வரிசைகளை ஒட்டி இருக்கிறது. ஓரத்திலிருந்து வெகுதூரம். நம் மாவட்டத்து மழையை மட்டும் வெட்டி எடுக்கிறவருக்கு இந்தப் பிழை ஒருநாளும் தெரியாது. அதே கோட்டை வாங்கி வடதுருவப் பகுதிக்குப் பயன்படுத்துகிறவருக்கு முதல் நாளே தெரியும், ஏனென்றால் பலகையின் மேல் ஓரம் அங்கேதான் இருக்கிறது.

திரும்பி வருகிற ஓரமும் உண்டு. சிக்குக் கோலத்தில் கம்பி கடைசிப் புள்ளியைச் சுற்றி வளைந்து உள்ளேயே திரும்பும், மறுபக்கம் போய் முளைக்காது. படத்தை மங்கலாக்குவது போன்ற வேலைகளுக்கு இந்தப் பிரதிபலிப்பு ஓரமே ஏற்றது. இதற்குப் பெயர் சொல்வதில் நம்பைக்கும், அதன்மேல் கட்டிய அறிவியல் நூலகமான சைபைக்கும் ஒற்றுமை இல்லை. நம்பையின் ‘பேட்’-இல் ‘ரிஃப்ளெக்ட்’ என்றால் ஓரக் கட்டம் இரண்டாம் முறை வராது. சைபையின் ‘என்டிஇமேஜ்’-இல் அதே சொல்லுக்கு ஓரக் கட்டம் இரண்டு முறை வரும். நம்பையின் ‘ரிஃப்ளெக்ட்’ சைபையில் ‘மிரர்’, சைபையின் ‘ரிஃப்ளெக்ட்’ நம்பையில் ‘சிமெட்ரிக்’. ஒன்றும் சொல்லாமல் விட்டால் ‘என்டிஇமேஜ்’-இன் கன்வால்வ் (அண்டைக் கட்டங்களை எடைபோட்டுக் கூட்டும் ஃபங்ஷன்) பிரதிபலிக்கும். அதே சைபையின் ‘சிக்னல்’ பகுதியில் உள்ள ‘கன்வால்வ்2டி’ வெளியே எல்லாம் 0 என்று வைத்துக்கொள்ளும். சுற்றி வரவேண்டுமானால் இரண்டிலும் ‘ராப்’ என்று எழுதியே ஆகவேண்டும்: முதலாவதில் ‘மோட்’ என்ற இடத்தில், இரண்டாவதில் ‘பவுண்டரி’ என்ற இடத்தில்.